மணக்குடிக் காயலில் இறங்கி நின்று கொடுவா பிடிக்க: எதைக் கொண்டுபோவது, எதில் தூக்குவது?

தக்கலைத் தம்பி
ஞாயிறு, இரவு 8:15

எல்லோருக்கும் வணக்கம். குளங்களில் விரால் பிடித்துப் பழகியவன் நான். இப்போது கொடுவா மீன் ஆசை பிடித்துக்கொண்டது. நம் குமரி மாவட்டத்து மணக்குடியிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று வீசுகிறவர்களைப் பார்த்தபிறகு கரையில் உட்கார மனம் வரவில்லை.

இணையத்தில் தேடிச் சேர்த்த பட்டியல் இது: மார்பு வரை வரும் ரப்பர் காற்சட்டை, அதற்கான காலணி, பத்தடிக் கம்பு, 5000 அளவு ரீல் (நரம்பு சுற்றும் உருளை), முதுகுப்பை, லூர் எனும் செயற்கை இரை வைக்கும் பெட்டி நான்கு, நீளப் பிடி வைத்த கைவலை, மீன் கோக்கும் கயிறு, குறடு, கத்தி, நெற்றி விளக்கு, தராசு, தண்ணீர்க் குப்பி. கையில் இருப்பது 15,000 ரூபாய். எதை முதலில் வாங்குவது? இவ்வளவையும் தூக்கிக்கொண்டு எப்படித் தண்ணீரில் நடப்பது?

பழையாற்றுக்காரன்
ஞாயிறு, இரவு 8:52

தம்பி, ரப்பர் காற்சட்டையை முதலில் அடித்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் அதற்குள் நின்றால் மீனைக் குழம்பில் போடுமுன் நீங்கள் வெந்துவிடுவீர்கள்.

மற்றவற்றுக்கு ஒரே சோதனைதான். இடுப்பளவு தண்ணீரில் ஒரு கையில் கம்பு, அதன் முனையில் துள்ளுகிற மீன். அந்த நேரத்தில் மற்றக் கையால் எட்டி எடுக்க முடியாத பொருள் உங்களிடம் இருந்தும் பயனில்லை. இந்தக் கணக்கில் முதுகுப்பை முதலிலேயே தோற்றுப்போகும். அதைத் திறக்க ஒவ்வொரு முறையும் கரையேற வேண்டும்; இல்லையென்றால் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒற்றைத் தோளில் பையைச் சுழற்ற வேண்டும். பாதிப் பொருள் அப்போதுதான் காயலுக்குள் போகும்.

விரிவாகப் பிறகு எழுதுகிறேன். மற்றவர்களும் சொல்லட்டும்.

குளச்சல் டூ வேல்ஸ்
ஞாயிறு, இரவு 11:30

இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. கொடுவாயை ஆங்கிலத்தில் ‘சீ பாஸ்’ என்கிறார்களே, நான் இப்போது இருக்கும் ஊர்ப் பக்கம் கரையில் நின்று பிடிக்கும் மீனையும் ‘பாஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அது ஐரோப்பியக் கடலின் மீன், அறிவியல் பெயர் டைசென்ட்ரார்க்கஸ் லாப்ராக்ஸ். நம் கொடுவா லேட்டஸ் கால்காரிஃபர். இரண்டுக்கும் உறவு தூரம். இங்கே கோடையிலும் கடல் உடம்பை நடுங்க வைக்கும். அதனால்தான் மார்பு வரை காற்சட்டை, அதன்மேல் இடுப்பில் இறுக்கமாக ஒரு பட்டை. தடுக்கி விழுந்தால் தண்ணீர் முழுவதும் உள்ளே இறங்காமல் அந்தப் பட்டை தடுக்கும். பட்டை இல்லாமல் இறங்குகிறவனை இங்கே உடன் வருகிறவர்களே திட்டிக் கரையேற்றிவிடுவார்கள்.

இங்கே 42 சென்டிமீட்டருக்குக் குறைந்த பாஸ் மீனை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம். அளவுகோலும் பட்டியலில் வருவது அதற்காகத்தான். ஊருக்கு வரும்போதெல்லாம் நான் காயலில் இறங்குவது பழைய முழுக்காற்சட்டையோடுதான். சீக்கிரம் காய்கிற துணியாக இருந்தால் போதும். ஜீன்ஸ் மட்டும் வேண்டாம், நனைந்தால் தனியாக ஓர் ஆளைத் தூக்கி நடப்பதுபோல் இருக்கும்.

வடசேரி அண்ணாச்சி
திங்கள், காலை 6:10

பத்தடிக் கம்பு எதற்கடா தம்பி? மணக்குடிப் பாலத்துத் தூணுக்கும் உனக்கும் நடுவே இருபது கெஜம்கூட இராது. தூணின் நிழலில்தான் மீன் நிற்கும். ஏழடிக் கம்பு போதும்.

நீரோடி நண்பன்
திங்கள், காலை 7:40

அண்ணாச்சி சொல்வது பாலத்தடிக்குச் சரி. ஆனால் தேங்காய்ப்பட்டணத்தில், குழித்துறை ஆறு கடலோடு சேரும் பக்கம், அகலமான மணல்திட்டில் தொடையளவு தண்ணீரில் நின்று வீசும்போது ஏழடி பத்தாது. நீங்கள் தண்ணீருக்குள் எவ்வளவு இறங்குகிறீர்களோ அந்த அளவுக்குக் கம்பும் தாழ்ந்துபோகிறது. தூண்டில் நரம்பு அலையில் படுத்துவிடும், நீரோட்டம் அதை வளைத்துக்கொண்டு போகும், காளாஞ்சி, அதாவது கொடுவா, கடித்ததே கைக்குத் தெரியாது. நான் ஒன்பதடி வைத்திருக்கிறேன்.

பழையாற்றுக்காரன்
திங்கள், காலை 9:05

இருவருக்கும் நடுவே எட்டடி. இரண்டு துண்டாகக் கழற்றுவதாக இருக்கட்டும். சமரசத்துக்காகச் சொல்லவில்லை. எட்டடியில் 10 கிராமிலிருந்து 30 கிராம் வரை லூர் வீசலாம், பாலத்தடியிலும் இடிக்காது, ஒரு முழுக்காலையும் தோள் தாங்கும். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மடக்குக் கம்பு மட்டும் வாங்காதீர்கள். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் ஒரு சிட்டிகை போதும், அந்த மூட்டுகள் அப்படியே கவ்விக்கொள்ளும்.

ரீல் 3000 அல்லது 4000 அளவு. 5000 தேவையில்லை, முன்பாரம் கூடிவிடும். பின்னல் நரம்பு 20லிருந்து 30 பவுண்டு தாங்குவது. அதன் முனையில் லீடராக 40லிருந்து 50 பவுண்டு தங்கூசி (ஒற்றை இழை நரம்பு), உங்கள் கைவீச்சு நீளத்துக்கு. லீடரில் கஞ்சத்தனம் வேண்டாம். கொடுவாய்க்குச் சீலா மீனைப்போல் பல் கிடையாது, வாய்க்குள் விரலை விட்டால் உப்புத்தாள் மாதிரிதான் இருக்கும். அறுப்பது செவுள்மூடியின் விளிம்பு. தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை இரண்டு முறை உதறும் பாருங்கள், அப்போது வெறும் பின்னல் நரம்பு அந்த விளிம்பில் உரசினால் அதோடு கதை முடிந்தது. இது போதாதென்று தூண்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகளும் கத்திபோல்தான் இருக்கும்.

வடசேரி அண்ணாச்சி
திங்கள், காலை 9:20

எட்டடிக்கு ஒப்புக்கொள்கிறேன். ஒன்பதுக்கு ஒப்பமாட்டேன்.

நாகர்கோவில் நைலான்
திங்கள், மதியம் 1:15

லீடருக்கு ஃபுளோரோகார்பன் நரம்பு வாங்கச் சொல்கிறார்களே, உண்மையிலேயே தேவையா? நைலானைவிடப் பல மடங்கு விலை.

பழையாற்றுக்காரன்
திங்கள், மதியம் 2:00

உரசலை நைலானைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், தண்ணீரில் வேகமாக அமிழும். தூண்களுக்கு நடுவே அமிழ்கிற லூர் வீசினால் பயனுண்டு. மேற்பரப்பில் ‘பொளக் பொளக்’ என்று தண்ணீரைத் துப்பிக்கொண்டு வரும் பாப்பர் வகை லூருக்கு நைலான்தான் நல்லது. அமிழ்கிற லீடர் பாப்பரின் மூக்கைக் கீழே இழுத்துவிடும். மிச்சமாகும் காசில் காலணி வாங்குங்கள்.

கீழமணக்குடிப் பெண்
திங்கள், மாலை 5:45

கடைசியில் ஒருவழியாகக் காலணிக்கு வந்தீர்கள். நேற்று இரவிலிருந்து கம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்களே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் அப்பா வீச்சுவலைக்காரர். காயலில் அவர் முதலில் பார்ப்பது மீனை இல்லை, தரையைத்தான்.

மணக்குடிக் காயலின் தரை ஒரே மாதிரி கிடையாது. பொழி, அதாவது காயல் கடலோடு சேரும் வாய்ப் பக்கம் மணல். அலையாத்தி மரங்கள் நிற்கும் பக்கம் முழங்கால் வரை இழுக்கும் சேறு. பாலத்துக்குக் கீழே கல்லும் சிப்பியும். வெறுங்காலோடு அப்பா போவார், அவர் பாதம் அப்படி. உங்கள் பாதம் அப்படி இல்லை. செருப்பைச் சேறு உருவிக்கொள்ளும். பட்டை வைத்த சாண்டலில் மணலும் சிப்பித் துண்டும் புகுந்து நடக்கவிடாது. ரப்பர் பூட்ஸ் தண்ணீரால் நிறைந்துவிடும்.

கணுக்காலை மூடும், கயிறு கட்டுகிற கான்வாஸ் காலணி வாங்குங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளையாட்டுக்குப் போடுவது. ஆணியை அடுப்பில் காய்ச்சி, அடித்தோலுக்குச் சற்று மேலே, உள்பக்கத்தில் மூன்று நான்கு ஓட்டை போடுங்கள். வெளிப்பக்கம் போட்டால் நடக்கும்போது மணல் உள்ளே வாரும். ஓட்டை பெரிதாகவும் இருக்கக் கூடாது, புளியங்கொட்டை நுழையாத அளவு. கயிற்றின் முடிச்சை நாக்குப்பட்டைக்கு அடியில் சொருகிவிடுங்கள், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தூண்டில் முள் அதில்தான் மாட்டும்.

இன்னொன்று, காலைத் தூக்கி வைத்து நடக்காதீர்கள். தரையோடு இழுத்து இழுத்து நடங்கள். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கையின் மேல் மிதித்தால் வாலைச் சுழற்றிவிடும். பக்கவாட்டில் கால் இடித்தால் எழும்பி ஓடிவிடும்.

தக்கலைத் தம்பி
திங்கள், இரவு 7:30

அக்கா, மிக்க நன்றி. திருக்கை விஷயம் எந்தப் பட்டியலிலும் இல்லை. குத்தினால் என்ன செய்வது?

கருங்கல் செவிலி
திங்கள், இரவு 9:10

திருக்கை முள்ளோ கடல் கெளுத்தி முள்ளோ குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை அமிழ்த்த வேண்டும். 45 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. குத்துப்பட்ட கால் மரத்திருக்கும், சூடு தெரியாமல் வெந்துவிடும். அதனால் நல்ல கையை விட்டுப் பார்த்துவிட்டு அமிழ்த்துங்கள். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை. இந்த விஷம் சூட்டில் சிதையும் புரதம், வலி நன்றாக அடங்கும். ஐஸ் வைக்க வேண்டாம். முள் ஒடிந்து உள்ளே இருந்தாலும், மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ குத்தியிருந்தாலும் பிடுங்காமல் நேரே மருத்துவமனை. டெட்டனஸ் ஊசி நிலவரத்தையும் சொல்லிவிடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். சர்க்கரை நோயோ கல்லீரல் கோளாறோ இருப்பவர்கள், காலில் ஆறாத புண்ணோடு உவர்நீரில் இறங்கக் கூடாது. விப்ரியோ வகைக் கிருமி அந்தத் தண்ணீரில்தான் வாழும். சின்னச் சிராய்ப்பு ஒரே நாளில் வீங்கிச் சிவந்து கொப்புளம் கட்டினால் காத்திருக்காதீர்கள். மீனின் செவுள்மூடி கையைக் கீறினாலும் இதே கதைதான். குப்பியில் கொண்டுபோகும் குடிதண்ணீரில் உடனே கழுவுங்கள்.

பழையாற்றுக்காரன்
செவ்வாய், காலை 6:40

இப்போது சாமான்களை எங்கே வைப்பது என்பதைச் சொல்கிறேன். பட்டியலாகச் சொன்னால் மனத்தில் நிற்காது, ஒரு மீனைப் பிடித்துக் காட்டுகிறேன்.

விடியற்காலை. தொப்புளுக்குக் கீழே தண்ணீர். மார்பில் உள்ளங்கை நான்கு வைத்த அளவுக்கு ஒரு சின்னப் பை, பட்டை இரண்டு தோளிலும் போய் முதுகில் குறுக்காகச் சேருகிறது. பையின் அடிப்பக்கம் தண்ணீருக்கு மேலே ஒரு சாண் இருக்க வேண்டும். அதனால்தான் இடுப்புப்பை வேண்டாம் என்கிறேன், எந்நேரமும் நனைந்துகொண்டிருக்கும். பைக்குள் ஒரே ஒரு லூர் பெட்டி. ஆறு லூர் போதும்: இரண்டு பாப்பர், சின்ன மீன் வடிவ மின்னோ இரண்டு, ஈயத்தலை முள்ளில் கோத்த ரப்பர் மீன் இரண்டு. நான்கு பெட்டி கொண்டுபோகிறவன் மீன் பிடிப்பதைவிட லூர் மாற்றுவதில்தான் காலையைக் கழிப்பான். லீடர் சுருள் ஒன்று, தண்ணீர் புகாத உறையில் கைப்பேசி, வண்டிச் சாவி, சின்னக் குப்பித் தண்ணீர். அவ்வளவுதான்.

மீன் அடித்துவிட்டது. முதல் ஓட்டம் தூணை நோக்கி. அதை மடக்க இரண்டு கையும் வேண்டும், இடுப்பை முறுக்கித் திரும்ப வேண்டும். இந்த நேரத்தில் உடம்பில் எதுவும் தொங்கி ஆடக் கூடாது. நீளப் பிடி வைத்த கைவலையை முதுகில் மாட்டியிருப்பவர்களுக்கு நரம்பு அதில் சிக்குவது இப்போதுதான்.

மீன் களைத்துப் பக்கத்தில் வருகிறது. இங்கேதான் ஆபத்து. கரையில் நிற்கிறவனுக்கும் தண்ணீரில் நிற்கிறவனுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான்: மீன் உங்கள் தொடைக்குப் பக்கத்தில் துள்ளுகிறது, அதன் வாயோரம் தொங்கும் லூரில் மும்முள் இரண்டு. ஒரு முள் மீனிலும் இன்னொன்று உங்கள் தொடையிலும் ஏறினால், மூன்று கிலோ மீன் துள்ளத் துள்ள உங்கள் சதையைப் பிடித்து இழுக்கும். ஆகவே வாங்கிய அன்றே மும்முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுங்கள். அதன் கூருக்குப் பின்னால் இருக்கும் எதிர்க்கூரையும் குறடால் நசுக்கிவிடுங்கள். நரம்பைத் தொய்யவிடாமல் வைத்திருந்தால் மீன் கழலாது.

இடக்கையில் கம்பைத் தலைக்குப் பின்னால் சாய்த்துப் பிடித்து, வலக்கையால் மீனின் கீழ்த்தாடையைக் கிடுக்கியில் கவ்வுங்கள். இந்தக் கிடுக்கி மார்புப்பையின் வலப்பக்கம் ஒரு சுருள் கயிற்றில் தொங்க வேண்டும். கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடப்பக்கம் தொங்கும் குறடால் முள்ளை எடுக்கலாம். இரண்டையும் ஒரே பக்கம் தொங்கவிட்டால் கயிறுகள் பின்னிக்கொள்ளும். கயிறு இல்லாத குறடு காயலுக்குக் கொடுத்த காணிக்கை. விலை குறைந்த குறடு வாங்கினாலும் சரி, துருப்பிடித்தாலும் எண்ணெய் தடவிப் பிழைக்கலாம், மூழ்கினால் பிழைக்காது.

எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. கைவலை எங்கே தேவைப்பட்டது சொல்லுங்கள்?

நீரோடி நண்பன்
செவ்வாய், காலை 8:15

எட்டுக் கிலோ மீனுக்குத் தேவைப்படும்.

பழையாற்றுக்காரன்
செவ்வாய், காலை 8:22

எட்டுக் கிலோ மீனைக் கைவலையிலும் அள்ள முடியாது. நரம்பைத் தொய்யவிடாமல் பின்னோக்கி நடந்து மணல்கரைக்கு இழுத்து வாருங்கள்.

கொடுவாப் பிரியன்
செவ்வாய், காலை 10:50

இவ்வளவு லூர் பேச்சு எதற்கு? உயிர் இறால் ஒன்றின் தலைக்கொம்பில் தூண்டில் முள்ளைக் கோத்து நீரோட்டத்தில் விட்டால் கொடுவா வேண்டாம் என்று சொல்லுமா? எங்கள் ஊரில் அப்படித்தான் பிடிக்கிறோம்.

தக்கலைத் தம்பி
செவ்வாய், மதியம் 12:30

இறாலை உயிரோடு வைத்துக்கொண்டு தண்ணீரில் எப்படி நிற்பது, அண்ணன்?

கொடுவாப் பிரியன்
செவ்வாய், மதியம் 12:55

மூடி வைத்த பிளாஸ்டிக் வாளி ஒன்றில் சுற்றிலும் ஓட்டை போட்டு, வாய்க்குக் கீழே தெர்மாகோல் வளையம் கட்டுங்கள். மிதக்கும், காயல் தண்ணீர் தானாக உள்ளே வந்து போகும், இறால் சாகாது. ஒரு பாகம், அதாவது இரு கை விரித்த நீளக் கயிற்றில் இடுப்போடு கட்டிக்கொண்டால் நீங்கள் போகுமிடமெல்லாம் பின்னாலேயே வரும். முடிச்சு மட்டும் ஓர் இழுப்பில் அவிழ்வதாக இருக்கட்டும். நீரோட்டம் பிடித்து இழுத்தால் வாளியைக் கைவிட வேண்டியிருக்கும்.

வடசேரி அண்ணாச்சி
செவ்வாய், மதியம் 1:10

அப்படியே மீனைக் கோக்கும் கயிற்றையும் இடுப்பில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பொழி இழுக்கும்போது வாளி ஒருபக்கம், மீன் மறுபக்கம், நடுவில் மனிதன்! மீனைக் கரைக்குக் கொண்டுபோய் நனைத்த சாக்கில் போட்டு நிழலில் வை. நான்கு எட்டு நடந்தால் கால் தேய்ந்துவிடாது. பனையோலைப் பெட்டியென்றால் அதைவிட நல்லது, காற்று போகும், நாற்றம் தங்காது.

கீழமணக்குடிப் பெண்
செவ்வாய், மாலை 6:00

வீட்டுக்குக் கொண்டுபோகும் மீனைப் பற்றி ஒரு வார்த்தை. கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். மிகப் பெரியவை பெரும்பாலும் பெண்தான், முட்டையிட ஆற்றுவாய்ப் பக்கம் இறங்கி வருபவை. கறிக்கு இரண்டு கிலோ மீன் போதும், ருசியும் அதில்தான். பெரியதைப் படம் எடுத்துவிட்டு விட்டுவிடலாம் என்று சொன்னால் அப்பா என்னைப் பார்த்துச் சிரிப்பார். அவருக்கு அது ஒரு நாள் வருமானம், அவரிடம் நான் வாதாடுவதில்லை. பொழுதுபோக்குக்கு வருகிற உங்களிடம் வாதாடலாம்.

தராசை மீனின் வாயில் மாட்டித் தொங்கவிட்டு எடை பார்ப்பதையும் விடுங்கள். பெரிய மீனின் தாடையும் முதுகெலும்பும் அந்தப் பாரத்தைத் தாங்காது. விட்டுவிட்டாலும் பிழைக்காது. வயிற்றுக்கு அடியில் ஒரு கை கொடுத்துத் தூக்குங்கள்.

கொடுவாப் பிரியன்
செவ்வாய், இரவு 7:15

மீன் குழம்பே வேண்டாம் என்றுதான் இந்த இழை முடியும்போல.

குளச்சல் டூ வேல்ஸ்
செவ்வாய், இரவு 11:45

யாரும் மிதவை அங்கியைப் பற்றிப் பேசவில்லையே? இங்கே தோளில் வார்போலக் கிடக்கும், இழுத்தால் காற்று நிரம்பும் அங்கி கட்டாயம்போல ஆகிவிட்டது. ஊரில் யாராவது போடுகிறார்களா?

வடசேரி அண்ணாச்சி
புதன், காலை 6:05

நமக்கெல்லாம் நீச்சல் தெரியும் அப்பா.

நீரோடி நண்பன்
புதன், காலை 7:20

அண்ணாச்சி, மன்னிக்க வேண்டும், இதில் உங்களோடு ஒத்துப்போக முடியாது. தேங்காய்ப்பட்டணத்துத் துறைமுக வாயில் நல்ல நீச்சல்காரர்களையே கொண்டுபோயிருக்கிறது. வள்ளத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள்தான், பார்த்தால் பயமே வராது. ஆனால் ஒரு காயல் முழுவதும் சின்ன வாய் வழியாக இறங்கும்போது இழுப்பது கடல் இல்லை, ஆறு. மழைக்காலத்தில் பழையாறு பெருகிப் பொழி உடையும் நாட்களில் மணக்குடி வாயில் மணல்திட்டே கண்முன் கரைந்துபோகும். நேற்று முழங்காலளவு இருந்த இடம் இன்று ஆளுயரம். அந்த நாட்களில் கரையில்கூட நிற்க வேண்டாம்.

இன்னொன்று கள்ளக்கடல். காற்றும் மழையும் இல்லாமல், எங்கோ தெற்கே பெருங்கடலில் கிளம்பிய அலை இங்கே வந்து ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது அப்படித்தான். வானம் வெளுத்திருந்தது என்பதெல்லாம் ஒரு கணக்கே இல்லை. ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியிடுகிறது, செய்திகளிலும் வருகிறது. கிளம்புமுன் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எச்சரிக்கை இருந்தால் பொழிப் பக்கம் போகாதீர்கள்.

வடசேரி அண்ணாச்சி
புதன், காலை 7:50

சரி, அங்கியை எழுதிக்கொள் தம்பி. ஆனால் நடக்கும்போது உதவுவது கம்புதான், மீன்பிடிக்கம்பு இல்லை, ஊன்றுகோல். ஆளின் மார்பளவு மூங்கில் ஒன்று. முன்னால் ஊன்றிப் பார்த்து, பிறகு கால் வை. சேறா மணலா, பள்ளமா திருக்கையா, எல்லாம் கோல் சொல்லிவிடும். இடுப்பில் நூல் கட்டி விட்டால் வீசும்போது பக்கத்தில் மிதந்துகொண்டு கிடக்கும். மூங்கில்தான் மிதக்கும், இரும்புக்குழாய் கொண்டுவந்து என்னிடம் கேட்காதே.

பழையாற்றுக்காரன்
புதன், காலை 9:30

அண்ணாச்சி சொன்னதற்கு ஒரு கைதட்டு. கடையில் விற்கும் மடக்குக் கோல்களைவிட இது மேல்.

மணக்குடியில் அலையாத்திப் பக்கம் இறங்குவதற்குமுன் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சுசீந்திரம், தேரூர், மணக்குடி மூன்றையும் சேர்த்துப் பாதுகாக்கப்பட்ட ஈரநிலமாக வைத்திருக்கிறார்கள். பறவைகள் கூடும் பகுதியில் வனத்துறைக்காரர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வலை கட்டியிருக்கும் இடத்தில் லூர் வீசி வலையைக் கிழித்துவிட்டு, சண்டைக்கு நிற்கிறவர்களும் உண்டு. வலைக்காரருக்கு அது பிழைப்பு. தூர நின்று வீசுங்கள்.

நாகர்கோவில் நைலான்
புதன், மதியம் 3:40

இரவில் பிடிக்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கொடுவாயின் கண் விளக்கில் சிவப்பாய் ஒளிருமே, அதைப் பார்த்து வீசலாம் என்கிறார்கள்.

பழையாற்றுக்காரன்
புதன், மதியம் 4:10

கண் சிவக்கக் கனன்று தெரிவது உண்மைதான். ஆனால் விளக்கை நேரே அடித்துக்கொண்டே இருந்தால் மீன் நகர்ந்துவிடும். நெற்றி விளக்கை முடிச்சுப் போடவும் முள் எடுக்கவும் மட்டும் ஏற்றுங்கள், அதுவும் கரைப்பக்கம் திரும்பி நின்று. புதியவர் இரவில் தனியாகத் தண்ணீரில் இறங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன். தம்பி முதல் சில மாதம் விடியற்காலையோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

தக்கலைத் தம்பி
புதன், இரவு 9:00

எல்லோரும் சொன்னதை வைத்துத் திருத்தியது இது. எட்டடிக் கம்பும் 4000 ரீலும் சேர்த்து 8,000க்குள். பின்னல் நரம்பு, நைலான் லீடர், ஆறு லூர், ஒற்றை முட்கள் எல்லாமாக 3,000. மார்புப்பை, கிடுக்கி, குறடு, சுருள் கயிறுகள் 1,500. கான்வாஸ் காலணி 500. மிச்சம் இருக்கும் 2,000ஐ மிதவை அங்கிக்கு வைத்திருக்கிறேன். காற்று நிரம்பும் வகை அந்த விலைக்குக் கிடைக்காது போலிருக்கிறது, பஞ்சு வைத்ததை வாங்கலாமா? மூங்கில் கோல் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. ரப்பர் காற்சட்டை, கைவலை, தராசு, முதுகுப்பை, மூன்று லூர் பெட்டி எல்லாம் போய்விட்டன.

குளச்சல் டூ வேல்ஸ்
புதன், இரவு 11:20

நுரை வைத்த அங்கியே வாங்குங்கள். இழுக்க மறந்தாலும் மிதக்கும். தோள்பட்டையில் கை சுழற்ற இடம் விட்டுத் தைத்ததாகப் பாருங்கள், இல்லையென்றால் வீசும்போது தடுக்கும். அதன்மேல் மார்புப்பையைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். தனித்தனியாகப் போட்டால் சரியாக இருக்கும் இரண்டும் சேர்த்துப் போட்டால் கழுத்தை நெருக்கும். ஒரு விசிலும் கட்டிக்கொள்ளுங்கள், பத்து ரூபாய் விசில் போதும்.

கருங்கல் செவிலி
வியாழன், காலை 7:00

500 ரூபாய்க் காலணிக்குள் தடித்த பருத்திக் காலுறையும் போடுங்கள். ஈரக் கான்வாஸ் குதிகாலை உரசிப் புண்ணாக்கும், அந்தப் புண்ணோடு மறுநாள் நீங்கள் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

தக்கலைத் தம்பி
வியாழன், காலை 7:45

சரி அக்கா. கடைசியாக ஒன்று: வீட்டுக்கு வந்தபிறகு ரீலைத் தண்ணீரில் முக்கிக் கழுவலாமா?

பழையாற்றுக்காரன்
வியாழன், காலை 8:30

முக்கக் கூடாது. முக்கினால் வெளியில் இருக்கும் உப்புத்தண்ணீர்தான் உள்ளே போகும். மேலே இருக்கும் டிராக் திருகை (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுப்பது) இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மெல்லிய தூறலாக மேலிருந்து விடுங்கள், பீய்ச்சி அடிக்க வேண்டாம். துணியால் துடைத்து, டிராக்கை முழுவதும் தளர்த்தி நிழலில் வையுங்கள், இறுக்கியே வைத்தால் உள்ளிருக்கும் வில்லைகள் அமுங்கிப்போகும். கம்பின் வளையங்களையும் இரண்டு துண்டும் சேரும் இடத்தையும் ஈரத்துணியால் துடையுங்கள். லூர்களைப் பெட்டியோடு பூட்டி வைக்காதீர்கள், திறந்து காயவிடுங்கள். ஒரு லூரின் உப்பு ஆறு லூரின் முள்ளையும் துருவாக்கும். காலணியை வெயிலில் வைத்தால் பசை விட்டுவிடும், உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கி அடைத்து மின்விசிறிக்கு அடியில் வையுங்கள்.

வடசேரி அண்ணாச்சி
வியாழன், காலை 8:45

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு மணக்குடிப் பாலத்தின் மேலமணக்குடிப் பக்கம் நிற்பேன். அங்கியோடு வா. காலை உணவு கீழ்க்கடையில் என் கணக்கு.